எஞ்சி நின்றவர்கள்

மனநோயாளர் ஒருவர் வாழும் இல்லத்தில் என்றேனும் ஒருநாள் ஒலிக்கும் சொற்றொடர் ஒன்று உண்டு. "எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்தாயிற்று, இனி இப்படியேதான்" என்பதே அது. சொல்பவர் தாயாக இருக்கலாம், தமையனாக இருக்கலாம், சில வேளைகளில் மருத்துவராகவும் இருக்கலாம். அப்படிச் சொல்பவரிடம் அன்பு இல்லாமல் இல்லை. பல ஆண்டுக் களைப்பே அவரை அப்படிப் பேசவைக்கிறது. ஆயினும் அது ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பு வழங்கப்பட்டபின், அந்த மனிதருக்குச் சோறும் துணியும் தவறாமல் கிடைக்கும். ஆனால் அவரிடமிருந்து எவரும் எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள். அவரும் நாளடைவில் தம்மிடம் எதையும் எதிர்பார்க்காதவராகிவிடுவார்.

இத்தீர்ப்பு மெய்யானதா? இக்கேள்விக்கு விடை தேட, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

தீர்ப்பு பிறந்த கதை

மனச்சிதைவு என்று நாம் இன்று அழைக்கும் நோய்க்குத் தெளிவான வடிவம் கொடுத்தவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த செருமானிய மருத்துவர் எமில் கிரேப்லின். இளமையிலேயே தொடங்கி, அறிவையும் உணர்வையும் படிப்படியாகத் தேய்த்து அழிக்கும் நோய் என அவர் இதனை வரையறுத்தார். 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர், நோயாளர் அனைவரும் அவ்வாறு தேய்ந்துபோவதில்லை என்று கண்டு, இந்நோய்க்குப் புதிய பெயர் சூட்டினார். பெயர் மாறியது, ஆனால் மருத்துவமனைகளின் மனப்போக்கு மாறவில்லை. இந்நோய் கண்டவர் தேறுவது அரிது என்ற எண்ணமே உலகெங்கும் நிலைபெற்றது.

இந்நோயை 'இரட்டை ஆளுமை' எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. பேசுவார் எவருமின்றியே குரல்கள் கேட்பது, பிறர் தமக்குத் தீங்கு செய்யத் திட்டமிடுகின்றனர் என்ற அசைக்கமுடியாத ஐயம், தொடர்பற்ற சிந்தனை ஆகியவை இந்நோயின் ஒரு முகம். விருப்பமும் முனைப்பும் வற்றிப்போதல், பேச்சுக் குறைதல், குளிக்கவும் உடைமாற்றவும் மனமின்றி மூலையில் ஒதுங்குதல் ஆகியவை மறு முகம். முதல் முகம் அண்டை வீட்டாரை அஞ்சவைக்கும். இரண்டாம் முகமோ சொந்த வீட்டாரைச் சோர்வடையச் செய்யும். இந்த இரண்டாம் முகத்தைச் 'சோம்பல்' என்று எண்ணித் திட்டித் தீர்க்கும் குடும்பங்கள் எத்தனை!

1952ஆம் ஆண்டில், பாரிசு நகரின் புனித அன்னாள் மருத்துவமனையில், ழான் டெலே, பியேர் டெனிக்கர் என்னும் இரு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்து, வியப்பூட்டும் பயனைக் கண்டனர். பல்லாண்டுகளாகக் கூச்சலும் கொந்தளிப்புமாக இருந்த கூடங்கள் அமைதியடைந்தன. ஓரிரு ஆண்டுகளில் அம்மருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் 5,50,000க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். அவர்களுள் பலருக்கு அம்மருந்து வெளியுலகின் கதவைத் திறந்துவிட்டது. இந்த நன்மையை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் கதவு திறந்த பின்னும் வெளியேற இயலாமல் உள்ளேயே நின்றுவிட்டவர்கள் இருந்தார்கள். நம் கட்டுரை அவர்களைப் பற்றியது.

வாட்டர்பரியில் நடந்தது

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மலைகளும் பண்ணைகளும் நிறைந்த சிறிய மாநிலம் வெர்மான்ட். அதன் அரசு மனநல மருத்துவமனை வாட்டர்பரி என்னும் சிற்றூரில் இருந்தது. அங்கே பணியாற்றிய ஜார்ஜ் புரூக்ஸ் என்னும் மருத்துவர், புதிய மருந்தைப் பெற்றும் போதிய பயன் அடையாத நோயாளரைக் கணக்கெடுத்தார். பின்கூடங்களில் கிடந்த அம்மக்கள் சராசரியாக 16 ஆண்டுகள் நோயுற்றிருந்தவர்கள்; 10 ஆண்டுகள் எவ்வேலையும் செய்ய இயலாமல் முடங்கிப்போனவர்கள்; 6 ஆண்டுகள் மருத்துவமனையை விட்டு வெளியேறாதவர்கள். நடையில் தளர்ச்சி, பேச்சில் தயக்கம், யாரைக் கண்டாலும் ஐயம், நாளின் பெரும்பகுதி தனிமை - இவையே அவர்களின் அடையாளங்கள். எந்தக் கண்கொண்டு நோக்கினும், 'இனி இப்படியேதான்' என்ற தீர்ப்புக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர் எவருமிலர்.

மருந்தின் அளவைக் கூட்டிவிட்டு அவர்களை மறந்துவிடுவது எளிய வழி. புரூக்சும் அவருடைய துணைவர்களும் அவ்வழியில் செல்லவில்லை. மாநிலத்தின் தொழில் மறுவாழ்வுத் துறையோடு கைகோத்து, 1955 முதல் 1960 வரை, 269 பேருக்கென ஒரு மறுவாழ்வுத் திட்டத்தை நடத்தினர். மருந்து நிறுத்தப்படவில்லை, மருந்தோடு வேறு சில சேர்க்கப்பட்டன. அவை யாவை?

முதலாவதாக, பூட்டிய கூடங்களுக்குப் பதிலாக, வீட்டின் சாயல் கொண்ட திறந்த கூடங்கள் அமைந்தன. அங்கே மருத்துவர், செவிலியர், தொழிற்பயிற்சியாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே குழுவாக இயங்கினர். நோயாளர் சிறு குழுக்களாக அமர்ந்து தம் நிலையைப் பேசினர். மருத்துவமனையை விட்டு வெளியேற உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்கப்பட்டது. பல ஆண்டுகளாக விடையை மட்டுமே சொல்லிப் பழகியவர்களிடம் அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டதே ஒரு பெரிய மாற்றம்.

இரண்டாவதாக, வேலை கொடுக்கப்பட்டது. பொழுதுபோக்குக்காக அன்று; வெளியே சென்று ஊதியம் பெறுவதற்கான பயிற்சியாகவே அது அமைந்தது. ஒவ்வொருவரின் திறனை அறிந்து வழிகாட்டவும், ஊருக்குள் வேலை தேடித்தரவும் ஆலோசகர்கள் இருந்தனர்.

மூன்றாவதாக, மருத்துவமனைக்கும் ஊருக்கும் நடுவே இடைநிலை இல்லங்கள் ஏற்படுத்தப்பட்டன. பூட்டிய அறையிலிருந்து ஒரே தாவலில் தெருவுக்கு வரச் சொன்னால் யாரால் இயலும்? படிகள் வேண்டும். சமைக்கவும், கடைக்குச் செல்லவும், பணத்தை எண்ணவும், அயலாரோடு உரையாடவும் மறந்துபோனவர்கள், அந்த இல்லங்களில் அவற்றை மீண்டும் கற்றனர்.

நான்காவதாக, வெளியேறியவர்கள் கைவிடப்படவில்லை. அவர்களை அறிந்த அதே குழுவினர் ஊர்களுக்குச் சென்று புற மருத்துவ நிலையங்கள் நடத்தினர். உறவினர், அயலார், வேலை கொடுத்தவர் என அவர்களைச் சுற்றி இயல்பான ஓர் ஆதரவு வட்டம் உருவாகத் துணைநின்றனர்.

இவற்றுள் எதுவும் புதுமையான கண்டுபிடிப்பன்று. இருக்க ஒரு வீடு, செய்ய ஒரு வேலை, பேச ஒரு துணை, விழுந்தால் தூக்க ஒரு கை: அவ்வளவே. ஆனால் இவற்றை நோய் குணமான பிறகு தரவேண்டிய பரிசாகக் கருதாமல், நோயைக் குணமாக்கும் சிகிச்சையாகவே அவர்கள் கருதினர். வாட்டர்பரியின் தனிச்சிறப்பு இதுவே.

முப்பது ஆண்டுகள் கழித்து

திட்டம் தொடங்கி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழிந்தபோது, அம்மக்களுள் மூன்றில் இரு பங்கினர் மருத்துவமனைக்கு வெளியே வாழ்ந்தனர். ஆயினும், மனநலத் துறையின் இடைவிடாத துணையின்றி அவர்களால் வாழ இயலாது என்றே அப்போது கருதப்பட்டது. கதை அத்தோடு முடிந்திருந்தால், 'ஓரளவு வெற்றி' என எழுதி மூடியிருப்பார்கள்.

கோர்ட்னி ஹார்டிங் என்னும் பெண் ஆய்வாளர் அதை முடிக்கவிடவில்லை. 1980களில் அவரும் அவருடைய குழுவினரும் அந்த 269 பேரையும் ஒவ்வொருவராகத் தேடிப் புறப்பட்டனர். 262 பேர் என்ன ஆனார்கள் என்பதைக் கண்டறிந்தனர். அவர்களுள் பலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். உயிரோடிருந்தவர்களின் இல்லங்களுக்கே சென்று, மணிக்கணக்கில் உரையாடினர். அவர்களை நன்கறிந்த பிறரிடமும் கேட்டனர். முதன்முதலாக மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து சராசரியாக 32 ஆண்டுகள் அப்போது கடந்திருந்தன.

1987ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் மருத்துவ உலகை வியக்கச் செய்தன. மொத்தத்தில் பாதி முதல் மூன்றில் இரு பங்கினர் வரை குறிப்பிடத்தக்க முன்னேற்றமோ முழு நலமோ அடைந்திருந்தனர். 'இவர்கள் மெய்யாகவே மனச்சிதைவு நோயாளர்தாமா?' என்ற ஐயம் எழும் என எதிர்பார்த்த ஆய்வாளர்கள், பழைய பதிவேடுகளை 1980இல் வெளிவந்த கடுமையான வரையறைகளைக்கொண்டு மறுபடியும் சோதித்தனர். அவற்றின்படியும் 118 பேர் அந்நோயாளரே. அவர்களுள் உயிரோடிருந்து நேர்காணலுக்கு இசைந்த 82 பேரில், 68 விழுக்காட்டினரிடம் அந்நோயின் அறிகுறிகள் எவையும் காணப்படவில்லை.

'எஞ்சி நின்றவர்கள்' எனக் கணக்கெடுக்கப்பட்ட மக்கள் இவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

காலம் மட்டுமே இவர்களைக் குணப்படுத்தியிருக்கலாகாதா என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. எனவே அதே ஆய்வாளர் அணி, வெர்மான்ட்டை ஒத்த மெய்ன் மாநிலத்தின் அரசு மருத்துவமனையிலிருந்து, வயது, பால், நோய், மருத்துவமனையில் கழித்த காலம் ஆகியவற்றில் ஒத்த 269 பேரைத் தெரிந்து ஒப்பிட்டது. மெய்னில் மறுவாழ்வுத் திட்டம் இருக்கவில்லை. 1995இல் வெளியான அந்த ஒப்பீட்டின்படி, மெய்ன் மக்களுள்ளும் தேறியவர்கள் இருந்தனர். ஆயினும் வெர்மான்ட் மக்களே மிகுதியாக வேலை செய்தனர், குறைந்த அறிகுறிகளோடு இருந்தனர், ஊராரோடு நன்கு இணைந்து வாழ்ந்தனர். காலம் தன் பங்கைச் செய்தது. மனிதர்கள் செய்தது அதற்கும் மேலானது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. முப்பது ஆண்டுகள் கழித்து அம்மக்களுள் சிலர் மருந்தை விட்டிருந்தனர். சிலர் தொடர்ந்து உட்கொண்டனர். இதைக் கேட்டு, மருந்து வேண்டாம் என எவரும் முடிவுகட்டிவிடக்கூடாது. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தி, பெருந்துன்பத்துக்கு ஆளான குடும்பங்கள் பல. வாட்டர்பரி, மருந்துக்கு எதிரான சாட்சியன்று. மருந்து மட்டும் போதும் என்ற எண்ணத்துக்கு எதிரான சாட்சி.

இல்லத்தின் வலிமையும் சுமையும்

வெர்மான்ட் மக்கள் வேலைக்கும் ஊருக்கும் திரும்பிய அதே காலத்தில், இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலாளர் வேறொரு கேள்வியில் ஆழ்ந்திருந்தார். மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிய நோயாளருள் சிலர் நலமாக இருக்க, சிலர் விரைவிலேயே திரும்பி வந்ததேன்? பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை விடுதிகளிலும் உடன்பிறந்தாரிடமும் தங்கியவர்கள் நன்றாக இருந்ததை அவர் கண்டார். அன்பு மிகுந்திருக்கவேண்டிய இடத்திலா இந்த நிலை?

1972ஆம் ஆண்டில் பிரவுனும் அவருடைய துணைவர்களும் 101 நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஓயாத குறைகூறல், வெறுப்பு, மூச்சுமுட்டும் அளவுக்கு மிஞ்சிய அக்கறை ஆகியவை நிலவிய இல்லங்களுக்குத் திரும்பியவர்களுள் 58 விழுக்காட்டினர் ஒன்பது மாதங்களுக்குள் மீண்டும் நோயுற்றனர். அமைதியான இல்லங்களுக்குத் திரும்பியவர்களுள் அவ்வாறானவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே.

இவ்வுண்மை இருபுறமும் கூர்மையான வாள் போன்றது. 1948ஆம் ஆண்டிலேயே, பிள்ளைக்கு இந்நோயை உண்டாக்குபவள் தாயே என்ற கருத்து மேலைநாட்டு மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றுவிட்டது. ஆதாரமற்ற அக்கருத்து, ஏற்கெனவே கண்ணீர் வடித்த அன்னையர்மேல் குற்றப்பழியையும் சுமத்தியது. குடும்பம் இந்நோயை உண்டாக்குவதில்லை. குறைகூறும் பழக்கம், பெரும்பாலும், யாருடைய துணையுமின்றித் தனியே சுமந்து களைத்ததன் விளைவே. இதனை உணர்ந்த ஜூலியன் லெஃப் என்னும் மருத்துவர், குடும்பத்தாரைக் குற்றவாளிகளாக அன்றித் துணைவர்களாக அழைத்து, நோயைப் பற்றி விளக்கி, ஒருவர்க்கொருவர் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளச் செய்து, சுமையைக் குறைக்கும் முறையை வகுத்தார். அதனால் நோய் திரும்புவது குறைந்தது. சண்டிகரில் இந்திய மருத்துவரோடு இணைந்து அவர் செய்த ஆய்வில், அந்த நகரைச் சார்ந்த குடும்பங்களில் குறைகூறலும் மிஞ்சிய அக்கறையும் மேலைநாட்டைவிடக் குறைவாகவே காணப்பட்டன.

மருந்தின் எல்லையும் மனிதரின் எல்லையும்

மருந்துத் துறையும் சும்மா இருக்கவில்லை. குளோசபின் என்னும் மருந்து, இரத்த வெள்ளணுக்களைக் குறைத்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியது எனக் கண்டு, 1975க்குப் பின் பல நாடுகளில் ஒதுக்கப்பட்டது. ஆனால் 1988இல் வெளியான ஓர் ஆய்வில், பிற மருந்துகளுக்கு இணங்காத 268 நோயாளருள், குளோசபின் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர் ஆறு வாரங்களில் முன்னேற, பழைய மருந்தைப் பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரே முன்னேறினர். அன்றுமுதல், இரத்தப் பரிசோதனையுடன் அது மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. மற்ற மருந்துகள் பலிக்காத ஒருவருக்கு, 'இனி இல்லை' என்று சொல்லுமுன் குளோசபினைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது உறவினரின் கடமை.

குளோசபினுக்கும் இணங்காதவர்கள் உண்டு. அவர்களுக்கெனச் சிந்தனையைச் சீர்படுத்தும் உளவியல் சிகிச்சையைப் பிரித்தானியாவில் 487 பேரிடம் சோதித்தனர். 2018இல் வெளியான முடிவு ஏமாற்றம் தந்தது: 21 மாதங்களின் இறுதியில், சிகிச்சை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உளவழிச் சிகிச்சைக்கும் எல்லைகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆயினும் தேடல் நிற்கவில்லை. முன்னர்க் கண்ட அதே ஜூலியன் லெஃப், முதுமையில் புதிய வழியொன்றைக் கண்டார். மருந்து உட்கொண்டும் குரல்கள் ஓயாதவர்களை அழைத்து, அக்குரலுக்குரிய முகத்தைக் கணினித் திரையில் அவர்களையே வடிவமைக்கச் செய்தார். மருத்துவர் அம்முகத்தின் வாயாகப் பேசுவார். நோயாளர் அதற்கு எதிர்த்து நின்று மறுமொழி கூறப் பழகுவார். நாளடைவில் அக்குரல் பணிந்துபோகும். இலண்டனில் 150 பேரிடம் நடந்த சோதனையில், பன்னிரண்டாம் வாரத்தில், ஆறுதலான ஆற்றுப்படுத்துதல் பெற்றவர்களைவிட இச்சிகிச்சை பெற்றவர்களின் குரல்கள் வெகுவாகத் தணிந்திருந்தன. இருபத்துநான்காம் வாரத்திலோ இரு சாராருக்குமிடையே வேறுபாடு மறைந்திருந்தது. லெஃப் 2021ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய வழியைப் பிறர் தொடர்கின்றனர்.

நம்மிடம் எஞ்சி நிற்பவர்கள்

தொலைநாட்டு வரலாறு நமக்கு எதற்கு என்று எண்ணவேண்டாம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி தெரியாத உறவினர்கள். 'இனி இப்படியேதான்' என்ற தீர்ப்பு சென்று முடியும் இடம் எது என்பதை அந்தத் தீ நமக்குக் காட்டியது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

நம் மண்ணிலேயே மாற்றுவழியும் தோன்றியது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் சாரதா மேனன், 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மருந்தோடு வேலைப் பயிற்சியையும் குடும்ப ஆலோசனையையும் அது இணைத்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தையும் இந்தியாவின் வேறு இரு இடங்களையும் சேர்ந்த 282 பேரிடம் நடந்து, 2014இல் வெளியான ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. மருத்துவப் பட்டம் ஏதுமில்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, நோயாளரின் வீடு தேடிச் சென்று துணைநின்றனர். மொத்தப் பயன் மிதமானதே. ஆயினும் அது மிகத் தெளிவாகக் காணப்பட்டது தமிழகத்துக் கிராமப்புறத்தில்தான்.

எனவே, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மருந்து பலிக்காதவர் எல்லாரும் தேறுவர் என வரலாறு வாக்களிக்கவில்லை. வெர்மான்ட்டிலும் தேறாதவர்கள் இருந்தனர். ஆனால் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பதைப் பத்தாம் ஆண்டிலும் எவராலும் கூற இயலவில்லை என்பதை அது ஐயமற நிலைநாட்டுகிறது. தீர்ப்புக் கூறும் அறிவு நமக்கு இல்லாதபோது, தீர்ப்பைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. அந்த இடைக்காலத்தில் செய்வதற்கு நிறைய உண்டு.

நம் பங்குகளில், நம் தெருக்களில், ஏதேனும் ஒரு வீட்டின் பின்னறையில் இத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய தாய் திருப்பலிக்கு வரும்போது, 'பையன் எப்படி இருக்கிறான்?' என்று கேட்கவும் நாம் தயங்குகிறோம். கேட்போம். ஒரு மாலைப்பொழுது நாம் அவரோடு அமர்ந்திருந்தால், அந்தத் தாய் சற்று வெளியே சென்று வரலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதோ, நூலகத்தில் புத்தகங்களை அடுக்குவதோ, சிறியதேனும் உண்மையான ஒரு வேலையை அவரிடம் நம்பி ஒப்படைக்கலாம். அவர் ஒருநாள் செய்வார், மறுநாள் செய்யமாட்டார். மூன்றாம் நாளும் அவரை அழைக்கவேண்டும். வாட்டர்பரியில் அவர்கள் செய்தது அதுவே.